‘செய்’ என்னும் வினையின் பூர்வீகம்: கங்காதர நெல்லூரில் கேட்ட ஒரு வாதத்தை முன்வைத்து

கங்காதர நெல்லூரில் ஒரு தேநீர்க் கடை வாசலில் முதியவர் ஒருவர் தம் வலக்கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். “இதுக்குத் தெலுங்குல என்ன?” என்றார். “செய்யி” என்றேன். “ஒரு வேலையப் பண்ணுன்னு சொல்றதுக்கு?” “அதுவும் செய்யிதான்.” “அவ்ளோதான் தம்பி. கையால செய்யிறதுனால கைக்கே செய்யின்னு பேரு. உங்க தமிழ்லயும் செய்தான். எல்லாம் ஒண்ணுலேர்ந்து வந்தது. இதுக்குப் போயி எதுக்குப் படிப்பு?”

என் ஆய்வைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த வினை இது. அவருக்கு வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. சித்தூர் மாவட்டத்தின் இந்தத் தென்பகுதியில் அது வியப்புக்குரியதன்று. அன்று நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அவர் சொன்ன நான்கு வரிக்குள் மூன்று கூற்றுகள் உள்ளன. தமிழ்ச் ‘செய்’யும் தெலுங்குச் ‘செய்யி’யும் உறவு என்பது ஒன்று. கையைக் குறிக்கும் சொல்லும் செயலைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேர் என்பது மற்றொன்று. இவ்விரண்டிலிருந்தும் தெலுங்கும் தமிழும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக வந்தவை என்று முடிப்பது மூன்றாவது. முதற்கூற்று சரி, ஆனால் அதற்கு அவர் காட்டிய சான்று செல்லாது. இரண்டாவது பிழை. மூன்றாவதை நம் வகுப்பறைகளிலும் மேடைகளிலும் இன்றும் கேட்கிறோம் என்பதால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஒலியைப் பற்றி ஒரு குறிப்பு. தெலுங்குச் ‘செய்யி’யின் முதலெழுத்து நம் ‘அச்சம்’ என்ற சொல்லில் ஒலிக்கும் வல்லின ஒலி. தமிழ்ப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் சகரம் பெரும்பாலும் உரசி ஒலிக்கிறது. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே சகரத்தால்தான் எழுத முடியும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, இந்த வினையை அண்டை மொழிகளில் தேடுவோம். பழங்கன்னடத்தில் இது ‘கெய்’ அல்லது ‘கெ’கரம் மெலிந்து ஒலிக்கும் வடிவம். குடகு மொழியிலும் முதலெழுத்து ககரமே. நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளிலும் சகரம் இல்லை. ககரமோ அதன் மெலிந்த ஒலியோதான். துளுவிலும் அவ்வாறே. வடக்கே சென்றால் கோண்டியில் ‘கீ’, அரக்குப் பள்ளத்தாக்குப் பக்கத்துக் கோண்டா மொழியில் ‘கி’, குவியிலும் பெங்கோவிலும் அதே ககரம். இத்தனை மொழிகளை அடுக்கிப் பார்த்தால் சகரம் வருவது தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகியவற்றில்தான். எனவே மூலத்திராவிட வடிவத்தை மொழியியலார் உடுக்குறியிட்டு *கெய் என்று மீட்டுருவாக்குகின்றனர். இகர எகரங்களை ஒலிக்க நா முன்னே எழும். அதற்கு முன் நிற்கும் ககரம் பின்னண்ணத்திலிருந்து நழுவி இடையண்ணத்துக்கு வந்து சகரமாகும். உலகமெங்கும் நடக்கும் மாற்றம் இது. தமிழில் இதற்கு அண்ணவொலியாக்கம் என்று பெயர் வழங்குகிறோம்.

சான்றுகள் ஒன்றிரண்டல்ல. நம் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’. நம் ‘சேரி’ அங்கே ‘கேரி’. செம்மையைக் குறிக்கும் ‘செம்’ அங்கே ‘கெம்’. நம் ‘சிறு’ அங்கே ‘கிறு’. நன்செய், புன்செய் என்று நாம் நிலத்தைப் பிரிக்கிறோமே, அந்தச் ‘செய்’ பழங்கன்னடத்தில் ‘கெய்’, தெலுங்கில் ‘சேனு’. சித்தூரின் பெயரைச் சிற்றூர் என்று பிரிப்பது சரியென்றால், இந்த மாவட்டத்தின் பெயரின் முதலெழுத்தே ஒரு காலத்தில் ககரமாக இருந்த ஒன்றுதான்.

இந்த ககர சகர மாற்றத்தின் விதிகளை ஒழுங்குபடுத்தியவர் தாமஸ் பரோ. 1943இல் வெளியான அவருடைய கட்டுரை, திராவிட மொழிகளில் சொல்முதல் ககரம் அடைந்த மாற்றங்களை மட்டுமே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. பின்னர் அவரும் எமனோவும் சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டனர். அதே 1961இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கு வினையடிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். நான் முதுகலையில் இந்தப் பாடத்தைப் படித்தபோது விதியை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். விதிக்குள் ஒரு வரலாறு இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது பின்னர்தான்.

அந்த வரலாறு விதிவிலக்குகளில் இருக்கிறது. தமிழில் எல்லா ககரமும் சகரமாகவில்லை. ‘கிளி’ சிளி ஆகவில்லை. ‘கெடு’ செடு ஆகவில்லை. ‘கீழ்’ சீழ் ஆகவில்லை. உற்றுப் பார்த்தால் காரணம் புலப்படும். இகர எகரங்களை அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாவளை ஒலிகள் வருமிடங்களில் தமிழ் மாறாமல் நின்றது. நாவை மடித்து ஒலிக்க வேண்டிய அடுத்த எழுத்து, முன்னிருக்கும் உயிரையும் சற்றுப் பின்னுக்கு இழுத்துவிடுகிறது, ககரம் தப்பித்துக்கொள்கிறது. தெலுங்கில் இந்தத் தடை இல்லை. கிளி அங்கே ‘சிலுக’. கெடு அங்கே ‘செடு’. ஆனால் ‘கீழ்’ என்பதன் உறவான ‘க்ரிந்த’ மட்டும் ககரத்தோடு நிற்கிறது. அங்கே ழகரம் ரகரமாகி முன்னே பாய்ந்து ககரத்துக்கும் இகரத்துக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது. இடையில் ஒரு மெய் நுழைந்துவிட்டபின் இகரம் ககரத்தைத் தொட முடியவில்லை. இன்றைய பேச்சில் அந்த ரகரமும் உதிர்ந்து ‘கிந்த’ ஆகிவிட்டது. ககரம் மட்டும் பழைய காவலின் நினைவாக நிற்கிறது. எனக்கு மிகப் பிடித்த சொல் இது.

ஆக, ஒரே மாற்றம்தான். ஆனால் தமிழில் ஒரு நிபந்தனை, தெலுங்கில் வேறொரு நிபந்தனை. இப்போது முதியவரின் விரித்த கைக்கு வருவோம். தெலுங்கில் கை ‘செய்யி’. ‘நீ செய்’ என்ற ஏவலும் ‘செய்யி’. ஒலியிலும் எழுத்திலும் இம்மியளவும் வேறுபாடில்லை. இரண்டும் ஒரே வேர் என்றால் மூலத்தில் இரண்டும் *கெய் என்றே இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் தமிழிலும் இரண்டும் சகரமாகியிருக்க வேண்டும். நாம் இன்று கையைச் ‘செய்’ என்று அழைத்திருப்போம். யகரம் நாவளை ஒலியன்று. எனவே தடையும் இல்லை. ஆனால் தமிழ் ‘கை’ என்றே நிற்கிறது. காரணம் எளிது. அதன் மூல வடிவம் *கய். உயிர் எகரமன்று, அகரம். அகரத்தின் முன் ககரம் மாறாது. கோண்டியிலும் அது ‘கை’தான்.

தெலுங்கில் நடந்தது வேறு. அங்கே ‘அய்’ என்பது முதலில் ‘எய்’ ஆயிற்று. அதன் பிறகு அண்ணவொலியாக்கம் வந்தது. புதிதாக எகரம் பெற்ற கையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயிற்று. வெவ்வேறு வீட்டில் பிறந்த இரண்டு சொற்கள் தெலுங்கில் ஒரே முகமாகிவிட்டன. கையால் செய்கிறோம் என்பதனால் அந்த முகவொற்றுமை பொருளோடும் பொருந்திவிட்டது. ஒரு சொற்பிறப்புக் கதை தானாகவே முளைத்தது. அந்தக் கதை பொய் என்பதற்குச் சாட்சி சொல்வது தமிழ். இரு சொற்களையும் அது கலக்கவிடாமல் வைத்திருக்கிறது. தமிழ்ப் பேராசிரியர்கள் சிலரும் ‘செய்’யிலிருந்தே ‘கை’ வந்தது என்று ஆர்வத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழின் சொந்த ஒலி வரலாறே அதற்கு எதிராக நிற்கிறது என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

இதிலிருந்து மேலும் ஒன்று தெளிவாகிறது. தமிழில் அண்ணவொலியாக்கம் நடந்த நிகழ்ச்சியும் தெலுங்கில் நடந்த நிகழ்ச்சியும் ஒன்றல்ல. நிபந்தனை வேறு, எல்லை வேறு. தமிழுக்கு மிக நெருங்கிய உடன்பிறப்புகளான கன்னடமும் தோடமும் கோத்தமும் குடகும் ககரத்தைக் காத்தன. தெலுங்குக்கு நெருங்கிய உடன்பிறப்புகளான கோண்டியும் கோண்டாவும் குவியும் ககரத்தைக் காத்தன. இரு கிளைகளிலும் அக்கம்பக்கத்தார் மாறாதிருக்க, கிளைக்கொருவர் தனித்தனியே மாறியிருக்கிறார்கள். தமிழ்-தெலுங்கு எல்லையில் நின்று கேட்பவனுக்குச் ‘செய்’யும் ‘செய்யி’யும் ஒரு தாய் வயிற்றுச் சாயலாகத் தோன்றும். ஆனால் அந்தச் சாயலுக்குக் காரணமான சகரம் தாயிடமிருந்து வந்ததன்று. பிரிந்து போன பிறகு இருவரும் தனித்தனியே பெற்றது. உறவை நிறுவுவது நம் காதில் விழாத பழைய ககரம்.

எப்போது நடந்தது? தமிழைப் பொறுத்தவரை ஒரு தடயம் அசோகரின் கல்வெட்டில் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர்களோடு கேரளபுத்திரரையும் குறிப்பிடுகிறது. கிர்நார் படியில் அது ‘கேதலபுதோ’ என்று காணப்படுகிறது. சங்க இலக்கியத்தில் அவர்கள் சேரர், சேரலர். ககரத்தோடு கூடிய வடிவம் வடக்கே சென்று நிலைத்த பிறகு தமிழில் சகரம் வந்தது என்று இதனைப் படிக்கலாம். கிருஷ்ணமூர்த்தி காலக்கணிப்புக்கு இதனைப் பயன்படுத்துகிறார். ஒரே ஓர் அரசகுலப் பெயரின் மேல் ஒரு முழு ஒலிமாற்றத்தின் காலத்தை ஏற்றுவதில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. ஆயினும் சங்கச் செய்யுள்களில் ‘செய்’ சகரத்தோடுதான் வருகிறது. ஆகையால் கீழெல்லை உறுதி. தெலுங்கில் கீழெல்லையைக் கடப்பை மாவட்டம் தருகிறது. ரேநாட்டுச் சோழனான தனஞ்சயனின் கலமள்ளக் கல்வெட்டு, 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. தெலுங்கில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று. அதில் வரும் ஊர்ப்பெயர் ‘சிறும்பூர்’. கிறு அங்கே ஏற்கெனவே சிறு ஆகிவிட்டது.

இதே ஆட்டத்தை ஐரோப்பாவின் வடகோடியிலும் காணலாம். நார்வே மொழியில் ‘செய்’ என்பதற்கான வினையை எழுத்தில் மெல்லின ககர ஒலிக்குரிய எழுத்தோடு தொடங்குவார்கள். வாயில் அது ‘யோரெ’ என்பதை ஒட்டி ஒலிக்கும். பின்வரும் முன்னுயிரின் முன் பழைய ககரம் கரைந்து யகரமாகிவிட்டது. டேனிய மொழியில் அதே வினை இன்றும் ககர ஒலியோடுதான் தொடங்குகிறது. வல்லொலிக்கும் இதே கதை. ஆங்கிலத்தில் முகவாயைக் குறிக்கும் ‘சின்’ என்ற சொல்லுக்கு உறவான நார்வேச் சொல் கன்னத்தைக் குறிக்கிறது. எழுத்தில் ககரம், ஒலிப்பில் அண்ணவொலி. ஜெர்மானியத்தில் அது இன்றும் ‘கின்’, டேனியத்திலும் ககரமே. ஆங்கிலமும் நார்வேயும் தனித்தனியே, வெவ்வேறு நூற்றாண்டுகளில் மாறின. நடுவே இருப்பவை மாறவில்லை. சின் என்பதும் நார்வேச் சொல்லும் ஒலியில் நெருங்கிவிட்டதைக் கொண்டு ஆங்கிலத்திலிருந்து நார்வே மொழி பிறந்தது என்று ஆஸ்லோவில் யாராவது சொன்னால் முதலாண்டு மாணவரே மறுத்துவிடுவார்.

நார்வே வினையின் பூர்வீகம் நமக்கு இன்னொரு வகையிலும் உதவுகிறது. பழைய நார்ஸ் மொழியில் ‘கேரா’ என்ற வடிவில் காணப்படும் அந்த வினை, ‘ஆயத்தமான’ என்று பொருள்படும் ஒரு பெயரடையிலிருந்து பிறந்தது. ஜெர்மானியத்தில் வெந்து பக்குவமானதைக் குறிக்கும் ‘கார்’ என்ற சொல் அதன் உறவு. ஆயத்தப்படுத்து என்ற குறுகிய பொருளில் தொடங்கி, படிப்படியாக விரிந்து, ‘செய்’ என்ற பொதுப்பொருளை அது பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தின் ‘டூ’, ஜெர்மானியத்தின் ‘டூன்’ ஆகியவற்றுக்கு உறவான பழைய வினையோ வடக்கில் வழக்கொழிந்தது. வீரச்செயலைக் குறிக்கும் ‘தோத்’ என்ற ஒரு பெயர்ச்சொல் மட்டும் அதன் எச்சமாக நார்வேயில் மிஞ்சியிருக்கிறது. செய்தல் என்பதைப் போலப் பொதுவான, அன்றாடம் நூறுமுறை வாயில் புழங்கும் வினை அசையாமல் இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். அது மாறக்கூடியது.

நம் பக்கத்திலேயே மாறியிருக்கிறது. கன்னடத்தில் ‘கெய்’ பொதுவினையின் அரியணையை ‘மாடு’ என்ற வினைக்கு விட்டுக்கொடுத்தது. இன்று அது ‘கேய்’ என்ற வடிவில் நிலத்தில் பாடுபடுவதைக் குறிக்கிறது. ‘கேய்மெ’ என்றால் உழைப்பு, வேளாண்மை. தமிழிலும் அதே இடப்பெயர்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. எழுத்தில் தெரியாததால் நாம் கவனிப்பதில்லை. மேலே அந்த முதியவர் பேசியதை மீண்டும் பாருங்கள். ‘ஒரு வேலையப் பண்ணுன்னு சொல்றதுக்கு’ என்றுதான் என்னைக் கேட்டார். தமிழில் செய், தெலுங்கில் செய்யி, இரண்டும் ஒன்று என்று வாதிட வந்தவரின் வாயில் இயல்பாக வந்த தமிழ் வினை ‘பண்ணு’. வடதமிழ்நாட்டுப் பேச்சிலும் சித்தூர்த் தமிழிலும் அதுவே பொதுவினை. இந்தப் ‘பண்ணு’தலுக்குப் பழைய பொருள்களுள் ஒன்று என்ன? குதிரைக்கும் யானைக்கும் தேருக்கும் அணி பூட்டி ஆயத்தம் செய்தல். யாழின் நரம்பைச் சுருதிக்கு அமைத்தல். நார்வே வினை நடந்த அதே வழியில் ‘பண்ணு’ம் நடந்து வந்திருக்கிறது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

‘செய்’யின் நிலை தமிழில் இன்னும் பாதுகாப்பாகத் தோன்றுவதற்கு இலக்கண மரபும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். தொல்காப்பியம் வினை வடிவங்களுக்குப் பெயரிட எடுத்துக்கொண்ட மாதிரி வினையே அதுதான். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம், ‘செய்யும்’ என்னும் முற்று, செயப்படுபொருள் என்று இலக்கணக் கருவி முழுதும் அதன்மேல் கட்டப்பட்டது. அரபு இலக்கணத்திலும் மாதிரி வினை ‘செய்’ என்ற பொருளுடையதே. ‘பண்ணு’ எவ்வளவு பரவினாலும் பள்ளிக்கூடத் தமிழில் நுழைய முடியாமல் வாசலில் நிற்கிறது. ‘கொச்சை’ என்று சிவப்பு மையால் அடிக்கப்படுகிறது. தேருக்கு அணிபூட்டிய சொல்லுக்கு இந்த நிலை.

இனி அந்த மூன்றாம் கூற்று. தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து வந்தவை என்ற அன்றைய கருத்தை எல்லிஸ் 1816இல் மறுத்தபோது, காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு அவர் எழுதிய முன்னுரையில் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை வரிசைப்படுத்திக் காட்டியே வாதிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். இருவருமே இவற்றை உடன்பிறப்புகளாகக் கண்டவர்கள். பின்னால் மேடைகளில் உடன்பிறப்பு தாயாகவும் மகளாகவும் மாறியது. இந்த மண்ணில் அதற்கு வேறொரு கூர்மையும் உண்டு. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது இருபுறமும் உரிமை கோரப்பட்ட நிலம். ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. பட்டாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அத்தகைய சூழலில் ஒரு சொல்லின் சாயல் எளிதில் நிலப்பட்டாவாகிவிடும். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருப்பது அங்கே வழங்கிய ஆவண மொழியைப் பற்றிய வரலாற்று உண்மை. அதை மொழிகளின் பிறப்பு வரிசைக்குச் சான்றாக நீட்டுவது வேறு காரியம். ‘செய்யி’யைத் தமிழ்ச் ‘செய்’யின் திரிபு என்று சொல்பவர், அதற்கு முன் கோண்டியின் ‘கீ’யையும் தோடரின் ககரத்தையும் விளக்கியாக வேண்டும். தமிழ்ச் சகரத்திலிருந்து அவற்றைப் பெற வழியே இல்லை.

இதையெல்லாம் அந்த முதியவரிடம் சொல்லவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டாம் முறை போனபோது சொன்னேன். கன்னடத்தில் செவியைக் ‘கிவி’ என்பார்கள் என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். இளமையில் பெங்களூரில் கட்டட வேலை செய்தவராம். கெடுவும் செடுவும் பற்றிச் சொன்னபோது சற்று யோசித்தார். கிளி, சிலுக என்று தானே சேர்த்துக்கொண்டார். கையும் செய்யும் வேறு வேறு என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் கையை விரித்துக் காட்டினார்.

அடுத்த களப்பணி குப்பத்தில். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் கூடும் மூலை அது. 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றால் ‘போன் பண்ணு’, ‘போன் செய்யி’, ‘போன் மாடு’ மூன்றும் காதில் விழும். நான் தேடிப் போவது நான்காவதை. எல்லைப்புறக் கன்னட உழவர்கள் வயல்வேலையைச் சொல்லும்போது ‘கேய்’ என்பதை இன்னும் எந்தெந்தப் பொருளில் வழங்குகிறார்கள், அதே வயலில் வேலை செய்யும் தமிழரும் தெலுங்கரும் அந்தச் சொல்லைத் தங்கள் ‘செய்’யோடு தொடர்புபடுத்திக் கேட்கிறார்களா என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஓசூர், கோலார் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.